ஒரு கையில் நெய், ஒரு கையில் பிள்ளை

என் அம்சா அக்காவுக்கு, நான் எவ்வளவு எரிந்து விழுந்தாலும் முதலில் சோறு போட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டியவளுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. சித்திரை வெயிலில் உன்னை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. காலையில் நல்ல வெயில் என்று நம்பி மாடியில் துணி போட்டேன். நான் படி இறங்குவதற்குள் மலை மறைந்து, மழை வந்துவிட்டது. ஈரத்துணியை அள்ளிவந்து ஒரு மூலையில் போட்டுவிட்டு, என் மகன் அருளின் பள்ளிக்கூட நோட்டில் நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் பெரியவன் குமாருக்கு வேலூரில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறான். உன் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நம் மாமியாருக்குக் கண் பார்வை கம்மி, வாய் மட்டும் முன்னைவிட ஜாஸ்தி. உன் மகள் செல்வியைப் போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் அதை மட்டும் சொன்னால் போதாது அக்கா. இந்தக் கடிதத்தை நான் மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. வீட்டில் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து இந்தப் பேய்க்கோபுரத் தெரு வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தபோது, நீ மூத்த மருமகளாக வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் எட்டாவது படித்தவள், பேப்பர் படிப்பேன். நீ அடி அண்ணாமலைக்காரி, மலையில் விறகு பொறுக்கி வளர்ந்தவள், கையெழுத்துகூடப் போட வராது. உன்னைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம். இப்போது எழுதும்போதே கூசுகிறது. ஆனால் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "அக்கா, நீங்க" என்று நான் ஆரம்பித்தபோது, "இன்னாடி நீங்க வாங்கனு? யாரோ மாதிரி. வா போன்னே கூப்பிடு" என்று சிரித்தவள் நீதான்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் குமாரையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாய். சில நாள் நானும் வருவேன். உன்னோடு ஏறுவது எனக்கு எரிச்சலாக இருக்கும், அவ்வளவு மெதுவாக நடப்பாய். "சீக்கிரம் வாக்கா" என்றால், "செல்வி காலுக்குத்தான் நாம நடக்கணும், உன் காலுக்கு இல்ல" என்பாய். எலுமிச்சை வாசம் வருமே அந்தப் புல், அதைக் கசக்கிப் பிள்ளைகளின் மூக்கில் வைப்பாய். பாறை சூடாக இருந்தால் உன் புடவைத் தலைப்பை விரித்து உட்கார வைப்பாய்.

நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று நின்று, "காத்து கிழக்கால திரும்பிடுச்சு, எறங்குங்க" என்பாய். உச்சி அதோ தெரிகிறதே என்று குமார் அழுவான். "மலை எங்கடா போவுது? அடுத்த வாரமும் இங்கதான் குந்தினு இருக்கும், வா" என்று இழுத்துக்கொண்டு இறங்குவாய். நாம் தெருவுக்குள் நுழையும்போது பின்னாலேயே மழை வரும். ஒரு தடவைகூட நீ தப்பாகச் சொன்னதில்லை. ஒரு தடவைகூட நான் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்தும் வயிறு திறக்கவில்லை. போளூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று மாமியார் என் காதில் விழும்படியே பேச ஆரம்பித்திருந்தார். என் வீட்டுக்காரர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷன் அப்படித்தான்.

அந்தக் கார்த்திகையில்தான் மாமியார் ஒரு வேண்டுதலை எடுத்து என் தலையில் வைத்தார். இந்தக் குடும்பத்து வழக்கமாம். தீபம் ஏற்றிய மூன்றாம் நாள், பிள்ளை இல்லாத மருமகள் ஒரு கையில் நெய்த்தூக்கும், ஒரு கையில் வீட்டுப் பிள்ளையுமாக மலை உச்சிக்கு ஏறி, அங்கே எரிகிற கொப்பரையில் நெய் ஊற்ற வேண்டும். சாமிக்கு என்று வாசப்படி தாண்டிய நெய் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. "இந்தத் தடவையும் இல்லன்னா அப்புறம் என்னைக் கேக்காத" என்றார். எனக்கு அது கடைசிக் கெடு மாதிரி இருந்தது.

விடிந்ததும் நாலு பேரும் கிளம்பினோம். யாருக்கும் காலில் செருப்பு இல்லை. என் வலது கையில் இரண்டு சேர் தூக்கு, இடது கையில் செல்வி. அவளுக்கு அப்போது ஏழு வயது, குமாருக்குப் பத்து. நீயும் குமாரும் பின்னால் வந்தீர்கள். பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. வழியில் இருக்கிற குகையைத் தாண்டும்வரை ஒரு மேகம்கூட இல்லை. "பாத்தியா, எவ்ளோ நல்ல நாள்" என்று நான்தான் பீற்றிக்கொண்டேன்.

பாதிக்கு மேல் ஏறியதும் குளிர்ந்த காற்று ஒன்று முதுகில் பட்டது. நீ நின்றுவிட்டாய். உச்சியிலிருந்து வெள்ளையாக மேகம் இறங்கி வந்து நம்மைச் சுற்றிக்கொண்டது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். குமார் மேகத்தைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இல்ல, சக்கரையும் இல்ல" என்று சொல்ல, செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"ரேணு, எறங்கிடலாம். இது சும்மா போற மேகம் இல்ல. மேல ஒரே வழுக்குப் பாறை, பிள்ளைங்களை வெச்சினு ஏற முடியாது."

"நெய்ய இன்னா பண்றது? வீட்டுக்கு எடுத்துனு போவச் சொல்றியா?"

"இங்கயே ஊத்திடு. இந்த மலைதானே சாமி? மேல ஊத்தினா இன்னா, இங்க ஊத்தினா இன்னா? ஊத்திட்டுக் கும்பிட்டுக்கோ."

நீ எவ்வளவு சரியாகச் சொன்னாய் அக்கா! மலையையே சாமி என்று சுற்றி வருகிற ஊர் இது. ஆனால் என் கண்ணுக்கு மலையும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை. போளூர்ப் பெண்தான் தெரிந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். "நீ ரெண்டு பெத்துட்ட, பேசுவ. என் பொழப்பை இந்தப் பாறையில ஊத்தச் சொல்ற. நான் மலடியாவே கெடக்கணும், உன் பிள்ளைங்க மட்டும் இந்த வீட்டை ஆளணும், அதானே?" என்றேன்.

என் நாக்கை இழுத்து வைத்து அறுத்திருக்க வேண்டும். உன் முகம் சின்னதாகிவிட்டது. "சரி, நட" என்று மட்டும் சொன்னாய். உன் பிள்ளைகளை நீ கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். செல்வி இல்லாமல் என் வேண்டுதல் நிறைவேறாது என்றுதானே வந்தாய்?

கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. பாதை வாய்க்காலாகிவிட்டது. மேலே இருந்து சின்னச் சின்னக் கல்லெல்லாம் உருண்டு காலில் இடித்தது. நெய் கொண்டுபோகிற ஆட்கள் சிலர் "அரோகரா" என்று கத்திக்கொண்டு நம்மைத் தாண்டிப் போனார்கள். அவர்களோடு சேர்ந்துவிட வேண்டும் என்று நான் வேகமாக எட்டு வைத்தேன். செல்வி, "சித்தி, கால் எரியுது, மெதுவா போ சித்தி" என்றாள். கேட்டது. கேட்டும் நடந்தேன்.

ஒரு சாய்ந்த பாறையில் என் கால் வழுக்கியது. தூக்கின் மூடி கழன்றது. மழைத்தண்ணீர் நெய்யில் விழுந்துவிடும் என்று இரண்டு கையாலும் தூக்கை அணைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும், அக்கா. அப்படியென்றால் செல்வியின் கையை விட்டேன். தானாக நழுவிவிட்டது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. நான்தான் விட்டேன்.

அவள் உருண்டு போய்க் கீழே ஒரு கல்லில் இடித்து நின்றாள். அவள் கத்தினாள், நான் முதலில் மூடி எங்கே என்றுதான் தேடினேன். இதை நேற்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பிள்ளை வேண்டும் என்று மலை ஏறியவள் செய்த வேலை இது.

நீ எப்படி அங்கே வந்து சேர்ந்தாய் என்றே தெரியவில்லை. அவளுடைய கால் முழங்காலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. நீ அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. புடவைத் தலைப்பைக் கிழித்துக் காலைக் குச்சி வைத்துக் கட்டினாய். அவளை முதுகில் போட்டு இறுக்கிக்கொண்டு, "குமாரு, நீ முன்னால உக்காந்து உக்காந்து எறங்கு, எழுந்து நிக்காத" என்றாய். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"நானும் வரேன்கா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஊத்திட்டு வந்துடறேன்கா" என்றேன்.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? "மேல ரொம்ப வழுக்கும், பாத்துப் போ" என்றாய்.

நான் போனேன். கையில் பிள்ளை இல்லை என்பதைக்கூட நினைக்காமல், பின்னால் வந்த நெய் ஆட்களோடு சேர்ந்து உச்சிக்குப் போய்விட்டேன். கொப்பரை பக்கத்தில் நின்ற ஒருவர் தூக்கை வாங்கி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊற்றிவிட்டு வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மழை நின்று பளிச்சென்று வெயில் வந்துவிட்டது. அரை மணி நேரம் ஒரு பாறையடியில் ஒதுங்கியிருந்தால் போதும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி மூன்று இருக்கும். எலும்பு கட்டுகிற வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் பூசிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். உன் வீட்டுக்காரர் கூடத்தில் நின்று கத்துகிறார். தெருவே வாசலில் நின்றது. மாமியார் உன் தலைமுடியைப் பிடிக்காத குறை. "ஏண்டி, மலையிலயே பொறந்து வளந்தவளுக்கு மழை வரும்னு தெரியாதா? பெத்த பொண்ணைக் கொல்லப் பாத்தியே!"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏன், நீயாவது வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"நான் சொன்னேன் அத்தை. அக்காதான் எனக்குத் தெரியாத மலையானு கூட்டினு போச்சு. மழை வந்தப்ப செல்வி அக்கா கையிலதான் இருந்தா" என்றேன். நெற்றியில் உச்சியிலிருந்து கொண்டுவந்த விபூதி இன்னும் அழியவில்லை.

நீ தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். "ஏண்டி, அப்படியா?" என்று உன் வீட்டுக்காரர் உறுமினார். "ஆமா" என்றாய்.

"இனிமே மலைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக்கூடாது. பிள்ளைங்களை எங்கயாவது இட்டுனு போன, உன் காலை ஒடிச்சிடுவேன்" என்றார். அவருக்கு அன்றைக்கு இருந்த கோபத்துக்கு, உண்மை தெரிந்தால் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். அதுதான் எனக்குப் பயம். பயந்தேன் என்பது உண்மை, ஆனால் அதை ஒரு சமாதானமாக உன் முன்னால் வைக்க மாட்டேன்.

பன்னிரண்டு வருஷம் அக்கா! பன்னிரண்டு வருஷம் நீ மலையில் கால் வைக்கவில்லை. மலையின் காலடியிலேயே குடியிருந்துகொண்டு, மாடியில் துணி காயப் போடும்போது மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து, "பெரியம்மா, மலைக்குப் போலாமா?" என்று கேட்கும். "எனக்கு முட்டி வலி கண்ணு" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்குவாய். உனக்கு ஏது முட்டி வலி?

செல்வியின் கால் சேர்ந்தது, ஆனால் ஒரு விரல் அளவு குட்டையாகச் சேர்ந்தது. எனக்கு அடுத்த வருஷமே அருள் பிறந்தான். நெய் பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டது. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெருமையையும் வாங்கிக்கொண்டேன். நீதான் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாய். செல்வி விந்தி விந்தி நடந்து வந்து சாம்பிராணி போடுவாள்.

பிரசவம் ஆகட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளை நடக்கட்டும் என்றேன். பள்ளிக்கூடம் சேரட்டும் என்றேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது மூன்று நாள் உன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். கடைசி நாள் மத்தியானம் நீ கண்ணைத் திறந்து, "ரேணு, எதுனா சொல்லணுமா?" என்று கேட்டாய். நீ எதைக் கேட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "கஞ்சி குடிக்கிறியாக்கா?" என்று கேட்டேன். நீ வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். செங்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். செல்வி உன் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நமஸ்காரம் பண்ணினாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் நடையைப் பார்த்துவிட்டுக் காலைப் பற்றிக் கேட்டாள்.

"அது அவங்க அம்மா பண்ண வேலை. சின்னப் பொண்ணைக் கொட்டற மழையில மலைக்கு இட்டுனு போய்த் தள்ளிட்டா. புத்தி கெட்டவ, போய்ச் சேந்துட்டா" என்றார் நம் மாமியார்.

"பெத்தவளுக்கு அவ்ளோ அலட்சியமா? பொண்ணும் அப்படியே இருந்துட்டா நாளைக்கு எங்க வீட்டுப் பிள்ளைங்க கதி இன்னா?" என்றாள் அந்தம்மா.

சுவரில் உன் படம் மாலையோடு தொங்குகிறது. நான் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு அதற்கு நேர் கீழே நிற்கிறேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நீ உயிரோடு இருந்தபோதுதான் பயம் என்றால், செத்தவள் மேல் சேறு விழும்போதும் பயமா? தட்டை நீட்டி, "எடுத்துக்கோங்க" என்று சொன்னேன் அக்கா.

செல்வி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவர்கள் கிளம்பிய பிறகு நான் உள்ளே போனேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"சித்தி, அன்னிக்கு நான் உங்க கையைத்தான் புடிச்சினு இருந்தேன்."

"உனக்கு... ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

"ஏழு வயசு சித்தி. கால் ஒடஞ்சது எப்படி மறக்கும்? அன்னிக்கே ஆயாகிட்ட சொல்லப் போனேன். அம்மாதான் வாயைப் பொத்திட்டாங்க. 'சித்தி பாவம், இப்ப சொன்னா அவளை வெரட்டிடுவாங்க. அவளுக்கு ஒரு குழந்தை பொறக்கட்டும், அப்புறம் அவளே சொல்லுவா'னு சொன்னாங்க. அருள் பொறந்தப்ப நான் கேட்டேன். 'சொல்லுவா, இரு'னாங்க. அப்புறம் நானும் கேக்கறதை விட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னைக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்படியானால் இத்தனை வருஷமாக நீ என்னைப் பொறுத்துக்கொண்டுகூட இல்லை, என்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில்கூட நம்பித்தான் கேட்டிருக்கிறாய். இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

"நான் செங்கம் போய் அவங்ககிட்ட பேசறேன் செல்வி" என்றேன்.

"அந்த இடம் எனக்கு வேணாம் சித்தி. ஆனா எங்க அம்மாவைப் பத்தி அந்தம்மா தப்பா நெனச்சினு போயிட்டாங்க, அதான் ஒரு மாதிரி இருக்குது" என்றாள். அப்புறம் கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதும் உடனே சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் ஓட்டினேன். பார், நான் எப்பேர்ப்பட்டவள் என்று! நேற்று சாயங்காலம் அருள் வந்து, "இந்த வருஷம் தீபத்துக்கு என்னை மலைக்குக் கூட்டினு போம்மா. நீ ஊத்தின நெய்யிலதானே நான் பொறந்தேன்?" என்றான். அவனை உட்கார வைத்து முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

பதினோரு வயதுப் பிள்ளை. "செல்வி அக்கா அழுதுனு இருக்கும்போது நீ மேல போயிட்டியா?" என்று கேட்டான்.

"ஆமாம்பா" என்றேன்.

எழுந்து போய் செல்வி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடுகூட அவள்தான் போட்டாள். அவன் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. குமாரும் வந்துவிடுவான். மத்தியானம் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும், சோறு பரிமாறுவதற்கு முன்னால் இதை வாசிக்கப் போகிறேன். நம் மாமியார், உன் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், எல்லார் முன்னாலும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் செங்கம் போய் அந்தம்மாவிடமும் சொல்லப் போகிறேன். சம்பந்தம் பேசுவதற்கு இல்லை. செல்வியின் அம்மா எப்பேர்ப்பட்டவள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இதிலிருந்து பின்வாங்கினால் அருள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

நாளைக்குக் கூடத்தில் என்ன நடக்கும் என்று தெரியாது. மாமியார் என் பெட்டியைத் தூக்கித் தெருவில் போடலாம். உன் வீட்டுக்காரர் கையை ஓங்கலாம். குமார் என் முகத்தில் காறித் துப்பலாம். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அக்கா. எந்த உலகத்தில் இருந்தாலும் சரி, எனக்காக இரக்கப்பட்டு அவர்கள் மனதை மாற்றிவிடாதே. ஒரு தடவை நீ குறுக்கே நின்று வாங்கிக்கொண்டது போதும். இந்தத் தடவை என் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அடிபட்ட உன் பிள்ளையை விட்டுவிட்டு மேலே போன,
உன் ஓரகத்தி
ரேணுகா